பூங்கனி அம்மாளை ஏன் அவ்வளவு தாமதமாகக் கண்டுகொண்டோம்?

"வில்லிசைப் பாடகி பூங்கனி அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய ஆள் என்றால், அவர் பெயர் ஏன் கடைசிச் சில ஆண்டுகளில்தான் வெளியே தெரிந்தது? நடுவில் என்ன ஆனார்? திருநெல்வேலிப் பக்கம் அப்படிப்பட்ட பழைய பாடகர்களை இன்னும் கேட்க முடியுமா?" இதுதான் கேள்வி. நல்ல கேள்வி. பத்திரிகையில் வரும் 'மறக்கப்பட்ட கலைஞர்' கட்டுரைகள் இதற்குப் பாதிப் பதில்தான் சொல்கின்றன. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அவரைப் பற்றிச் சுருக்கமாக. பூங்கனி அம்மாள் கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் பக்கத்துச் சரவணந்தேரியில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே வில் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கணவர் தங்கபாண்டியன் அதே குழுவில் குடம் (தாளத்துக்கான மண்குடம்) அடித்தவர். பல பத்தாண்டுகள் கோவில் கோவிலாகப் பாடினார். அப்புறம் பாட்டு நின்றது, கணவரும் இறந்துபோனார். கொட்டாரத்தில் ஒரு சின்ன வீட்டில் மாதம் 1000 ரூபாய் முதியோர் உதவித்தொகையை நம்பி இருந்தார். அந்த நிலையில்தான் இளைஞர்களும் பத்திரிகைக்காரர்களும் தேடிப் போய் அவரைப் பார்த்தார்கள். 2018 நவம்பர் 2 அன்று, எண்பது வயதைத் தாண்டிய நிலையில் காலமானார்.

குமரி மாவட்டத்துக்காரரைப் பற்றி நெல்லைக்காரன் ஏன் பேசுகிறான் என்று தோன்றலாம். அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக இருந்தவை. அரசாங்க எல்லைதான் அப்படி. வில்லுப்பாட்டுக்கு அந்த எல்லை என்றைக்கும் இருந்ததில்லை. தாமிரபரணிக் கரையிலிருந்து குமரிமுனை வரை ஒரே சாமிகள், ஒரே கதைகள். சுடலைமாடனும் இசக்கியும் முத்தாரம்மனும் எங்கே பீடம் போட்டிருக்கிறார்களோ, அங்கெல்லாம் வில் ஒலித்தது. நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, திசையன்விளை, சாத்தான்குளம் என்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர்களுக்கு அந்தப் பக்கத்துக் குழுக்கள் வருவதும், இங்கிருந்து அங்கே போவதும் சாதாரணம்.

இப்போது உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன். அவர் பெயர் வெளியே தெரியாததற்கு முதல் காரணம், அவர் பாடிய இடம். வில்லுப்பாட்டு கொடைக்கான, அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்கும் திருவிழாவுக்கான பாட்டு. சித்திரை, வைகாசியிலும் ஆடி, ஆவணியிலும் செவ்வாய், வெள்ளி பார்த்துக் கொடை நடக்கும். வீட்டுக்கு வீடு வரி பிரித்து, அந்தப் பணத்தில் மேளம், வில், பந்தல், படப்பு (சாமிக்கு வைக்கும் படையல்) எல்லாம் ஏற்பாடாகும். முதல் நாள் சாமியை அழைக்கும் குடியழைப்பு. மறுநாள் மத்தியானக் கொடை, ராத்திரி சாமக்கொடை. வில்லுக்காரர்கள் இந்த நேரமெல்லாம் கதையை நிறுத்தியும் தொடர்ந்தும் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். கதை எந்த இடத்தில் நிற்கிறது, சாமியாடிக்கு எப்போது அருள் வரும், பூசை எப்போது முடியும் என்று எல்லாவற்றையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பாடுவதுதான் அந்தத் தொழில். அச்சாரம் கொடுத்துக் கூப்பிட்ட ஊருக்கு அவரைத் தெரியும். பக்கத்து ஊருக்கு அவர் பெயர் பரவும். அடுத்த வருஷம் அங்கேயும் அச்சாரம் வரும். அந்தப் புகழுக்கு நோட்டீசில் ஒரு வரி, ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பு. அவ்வளவுதான் எழுத்துச் சாட்சி. ரெக்கார்டு இல்லை, விமர்சனம் இல்லை. கொடைக்கு வந்தவர்கள் மறைந்தால் புகழும் கூடவே போய்விடும்.

இந்தக் கலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் வேலைப்பாடு தெரியும். பனை வைரத்தில் செய்த நீள வில். அதில் தோல் நாண். வில்லிலும் நாணிலும் வரிசையாக மணிகள். வைக்கோல் புரிமணை மேல் மண்குடத்தை உட்கார வைத்து, அதன் கழுத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டுவார்கள். நடுவில் உட்காருபவர்தான் தலைமைப் பாடகர். புலவர் என்பார்கள், அண்ணாவி என்பார்கள். இரண்டு கையிலும் வீசுகோல். கோல் நாணில் விழும்போது மணி மொத்தமும் சேர்ந்து குலுங்கும். வலப்பக்கம் இருப்பவர்கள், இடப்பக்கம் இருப்பவர்கள் என்று பின்பாட்டு. கூட உடுக்கை, தாளம், கட்டை. ஆனால் குழுவின் உயிர் குடத்தில்தான். குடம் அடிப்பவர் ஒரு கையால் பத்தி என்னும் தட்டையான மட்டையைக் குடத்தின் வாய்மேல் அடிப்பார். அந்தக் காற்று உள்ளே போய் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு ஒலி எழும். மறுகையில் வைத்திருக்கும் நாணயத்தால் குடத்தின் மேல் தட்டிக் கணக்கு வைப்பார். புலவர் மூச்சு வாங்கும் இடம், வசனத்திலிருந்து பாட்டுக்குத் தாவும் இடம், சாமி இறங்குவதற்கு வேகம் கூட்டும் இடம், எல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் பூங்கனி அம்மாளின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது, குடம் அடித்தவர் அவருடைய கணவர் என்பது. இது குடும்ப விவரம் மட்டும் இல்லை, தொழில் விவரமும்கூட. வருஷக்கணக்கில் தன் மூச்சைப் படித்து வைத்திருக்கும் ஒரு கை இல்லாமல் போனால், புலவர் இன்னொரு ஆளை வைத்து அதே மாதிரிப் பாடிவிட முடியாது. ஒரு குழு கலைவது பெரும்பாலும் இப்படித்தான். தலைமைப் பாடகரின் குரல் போகும் முன்பே பக்கத்தில் இருப்பவர்கள் போய்விடுவார்கள்.

இரண்டாவது, அவர் பெண். வில்லுப்பாட்டில் ஆண்களே அதிகம். பெண் புலவர்கள் இருந்தார்கள், ஆனால் குறைவு. ராத்திரி முழுக்க ஊர் நடுவில் உட்கார்ந்து பாட வேண்டும், அறியாத ஊர்களுக்குப் போய்த் தங்க வேண்டும், கொடை வசூலில் தகராறு வந்தால் நின்று பேச வேண்டும். இதையெல்லாம் ஒரு பெண் பல பத்தாண்டு செய்தார் என்றால் அதற்குக் குரல் மட்டும் போதாது.

அதோடு, பெண் பாடும்போது கதையே மாறும் என்பது என் எண்ணம். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணக் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான். குலத்தை விட்டு, செருப்புத் தைக்கக் கற்று, மாமனாரின் மாட்டுக்கிடைக்குக் காவலாகிறான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். இரண்டு பெண்களும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் இன்றும் அவன் பட்டவராயனாக இருக்கிறான். ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் அவனுக்குச் செருப்பு காணிக்கை வைப்பதைப் பார்க்கலாம். ஆண் புலவர்கள் இந்தக் கதையில் சண்டையை நிமிர்த்திப் பாடுவார்கள். சாவுச் செய்தி வந்த பிறகு பொம்மக்காவும் திம்மக்காவும் அழும் இடத்துக்கு ஒரு பெண் குரல் வந்தால் அது வேறு. கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அது கதையாக நிற்காது, தங்கள் வீட்டு இழவில் தாங்களே பாடிய ஒப்பாரியாகிவிடும். இசக்கி கதை, பொன்னிறத்தாள் கதை, தோட்டுக்காரி கதை என்று நம்ம பக்கத்துக் கதைகளில் பாதி, அநியாயமாகச் செத்துத் தெய்வமான பெண்களுடையவை. அவற்றை ஒரு பெண் பாடிக் கேட்பது என்ன அனுபவமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முழுக் கதையாக, விடிய விடிய, அவர் நல்ல வயதில் இருந்தபோது யாராவது பதிவு செய்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் நம் பகுதியில் ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை, முத்துப்பட்டன் கதை உட்படப் பல கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தார். அவை 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வந்தன. ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களின் கடைசியில் இங்கே வந்து தங்கி, கொடைகளில் உட்கார்ந்து கேட்டு, 1988இல் வில்லுப்பாட்டைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் கொண்டுவந்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறையும் ஆய்வு மையமும் உண்டு. நாகர்கோவிலில் அ.கா. பெருமாள் வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். இவர்கள் எல்லாரும் பெரிய வேலை செய்தவர்கள். ஆனால் ஆராய்ச்சி பிரதியைத் தேடியது. கதை என்ன, ஏடு எங்கே, எந்தச் சாதிக்கு எந்தச் சாமி என்று தேடியது. பாடியவரின் வாழ்க்கையை எழுதிவைக்கும் வழக்கம் நமக்கு வரவே இல்லை. கர்நாடக சங்கீதத்தில் ஒரு வித்வான் எந்த ஊரில் யாரிடம் படித்தார், எப்போது அரங்கேறினார் என்று எல்லாம் அச்சில் கிடைக்கும். வில்லுப்பாட்டில் ஒரு பெரிய புலவரின் பிறந்த வருஷம்கூடச் சரியாகக் கிடைக்காது.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல ஒரு ஒப்பீடு தேவைப்படுகிறது. சுப்பு ஆறுமுகம் ஐயா திருநெல்வேலிச் சீமையில் புதுக்குளத்தில் 1928இல் பிறந்தவர். அவரைக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சென்னைக்கு அழைத்துப் போனார். காந்தி கதை, தலைவர்கள் கதை, சமூகச் செய்தி, நகைச்சுவை என்று வில்லுக்குப் புதுப் பொருள் கொடுத்து, வானொலிக்கும் சபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். 2005இல் சங்கீத நாடக அகாடமி விருது, 2021இல் பத்மஸ்ரீ. 2022 அக்டோபரில் மறைந்தார். தமிழ்நாடு முழுக்க 'வில்லுப்பாட்டு' என்றதும் நினைவுக்கு வருவது அவர் முகம்தான். அந்தப் புகழ் அவருக்கு முழுக்கத் தகும். அவர் இல்லாவிட்டால் திருச்சிக்கு வடக்கே வில் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது.

பூங்கனி அம்மாள் எடுத்தது வேறு வழி. அவர் சாமிக்குப் பாடினார். கேட்பவர்கள் கதையை ஏற்கெனவே அறிந்தவர்கள். ஒரு பெயரோ ஒரு வரியோ மாறினால் பந்தலிலிருந்தே ஒரு பெரியவர் எழுந்து 'அப்படி இல்லம்மா' என்று சொல்லும் இடம் அது. அந்தப் பாட்டைப் பத்து நிமிடத்துக்குச் சுருக்க முடியாது, மேடைக்கு மாற்றினால் சாமி வராது. திருநெல்வேலி வானொலி 1963 டிசம்பர் 1இல் தொடங்கிய பிறகு வில்லிசைக்கும் அதில் இடம் கிடைத்தது, உண்மை. ஆனால் வானொலி கேட்டது அரை மணி நேரம். கொடை கேட்டது ஒரு இரவு. இரண்டும் வேறு வேறு திறமை. ஒன்றில் ஓங்கியவர் இன்னொன்றிலும் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அப்புறம் கொடையே மாறிவிட்டது. 1980களில் ஸ்பீக்கர் செட், கேசட், திரை கட்டிப் படம் போடுவது, பிறகு மெல்லிசைக் கச்சேரி. ராத்திரி பத்து மணிக்கு மேல் கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வரிப்பணமும் போகும். வில்லை நிறுத்தவில்லை, நிறுத்தினால் சாமி குற்றம். ஆனால் சாமி வரும் நேரத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடி அருள் வந்ததும் வேலை முடிந்தது. கதை பிறப்பிலிருந்து தொடங்கி, கடைசி வாழ்த்தான வாழி பாடி முடியும் அந்த முழு ஓட்டம் பல ஊர்களில் நின்றுபோனது. இளம் குழுக்கள் கீபோர்டு வைத்து, சினிமா மெட்டில் வர்ணிப்புப் பாடி ஈடுகொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் அறுபதை நெருங்கும் ஒரு பழைய புலவர், சம்மணம் போட்டு விடிய விடிய உட்கார முழங்கால் ஒத்துழைக்காத நேரத்தில், இந்த மாற்றத்துக்குள் எப்படி நுழைய முடியும்? பாடுவதை நிறுத்தினால் வருமானம் அன்றோடு நின்றது. கொடைப் பணம் பங்கு பிரித்த அன்றே செலவாகிற பணம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் வந்தது. அதே ஆண்டு சென்னை சங்கமம் கலைவிழா தொடங்கி, தென்மாவட்டக் கலைஞர்களைத் தலைநகரத் தெருக்களில் நிறுத்தியது. நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் மாத உதவி தருகிறது. ஆனால் இதற்கெல்லாம் சான்று கேட்பார்கள். எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி, நோட்டீஸ் இருக்கிறதா, போட்டோ இருக்கிறதா என்று. நாற்பது வருஷத்துக்கு முந்திய கொடை நோட்டீசை எந்தக் கலைஞர் மடித்து வைத்திருப்பார்? பழைய ஆட்களில் பலர் முதியோர் உதவித்தொகையோடு நின்றுபோவதற்கு இது ஒரு நேரடிக் காரணம்.

சரி, கடைசியில் அவரை எப்படிக் கண்டுகொண்டார்கள்? இணையத்தில் நாட்டார் கலை மேல் ஆர்வம் வந்த தலைமுறை ஒன்று உருவானது. வெளியூரிலிருந்து தேடிப் போனவர்கள் பேட்டி எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். எழுத்தும் வீடியோவும் பரவின. அந்த அம்மாவுக்கு அதில் சந்தோஷம் இருந்திருக்கும், பெயர் நிலைத்ததும் நல்லதே. ஆனால் இங்கே நான் வருத்தத்தோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேடிப் போனவர்களில் பலர் கொண்டுவந்தது, வறுமையில் வாடும் ஒரு மூதாட்டியின் முகமும் மூன்று நிமிடப் பாட்டும். 'கண்டுபிடித்தோம்' என்று எழுதினார்கள். கொட்டாரத்திலும் அகஸ்தீஸ்வரத்திலும் அவரைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அவர் பாடிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர் எங்கேயும் தொலையவில்லை. நகரம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அத்தனை காலம் ஆனது. பார்த்தபோது குரல் தளர்ந்திருந்தது, பக்கத்தில் குடம் இல்லை, பின்பாட்டு இல்லை. ஒரு பெண் புலவரின் மனதில் இருந்த முழுக் கதைகளில் எவ்வளவு நம் கைக்கு வந்தது என்று கேட்டால், மிகக் கொஞ்சம்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி: இன்னும் கேட்க முடியுமா? தாராளமாக முடியும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் போகும்போது சில இடங்களில் சாஸ்தா பிறப்புக் கதை பாடுவார்கள். ஆடி, ஆவணியில் வள்ளியூர், திசையன்விளை, சாத்தான்குளம், ஏரல் வட்டாரங்களில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் போனாலே வழியில் வில் சத்தம் கேட்கும். மேடைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காராமல், பீடத்துக்குப் பக்கத்தில் பாட்டிமார்கள் பாய் விரித்திருக்கும் இடத்தில் உட்காருங்கள். அவர்கள் கதையைப் பாடகருக்கு அரை வரி முந்தியே சொல்லிக்கொண்டிருப்பார்கள். இன்று பெண் குழுக்களும் இளம் பெண் புலவர்களும் முன்பைவிட அதிகமாகவே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடை அச்சாரமும் நிறைய வருகிறது, கைப்பேசியில் லட்சக்கணக்கானோர் கேட்கிறார்கள். பூங்கனி அம்மாள் காலத்தில் ஒரு பெண் வில் முன்னால் உட்கார எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்ததோ, அது இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதில் அவர் தலைமுறைப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

பழைய புலவர் யாரையாவது உங்களுக்குத் தெரியும், போய்ப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். முதல் நாளே 'பாடுங்க அம்மா' என்று கைப்பேசியை நீட்டாதீர்கள். எந்த எந்தக் கோவிலில் பாடினார், யாரிடம் கற்றார், குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லச் சொல்லக் கதை தானாக வரும். குடம் அடித்தவரோ பின்பாட்டுப் பாடியவரோ உயிரோடு இருந்தால் வண்டி வைத்துக் கூட்டி வாருங்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால், தனியாக நினைவுக்கு வராத பாட்டும் வரும். ஒரு கதையையாவது தொடக்க வணக்கமான காப்பிலிருந்து வாழி வரை முழுசாகப் பதியுங்கள். பல உட்காரலில் முடிந்தாலும் பரவாயில்லை. வயதானவர் தன் ஒரு நாளை உங்களுக்குத் தருகிறார், அதனால் கொடைக்குக் கொடுப்பதுபோல வெற்றிலை பாக்கோடு பணம் வைத்துக் கொடுங்கள். பாடிய கோவில், ஆண்டு, உடன் பாடியவர்கள் என்று அவர் சொன்னதை எழுதி, ஊர்ப் பெரியவர் இருவரிடம் கையெழுத்து வாங்கி அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். உதவித்தொகைக்கு மனு போடும்போது அந்தத் தாள் உதவும். கையெழுத்து ஏடோ நோட்டோ வைத்திருந்தால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்த கொடைக்கு யாராவது அதைப் பார்த்துத்தான் பாட வேண்டியிருக்கும்.